சொந்தமா கட்டுற விமானத்து இன்ஜின்ல எடைய எங்க கொறைக்கலாம், எங்க கைய வெக்கவே கூடாது

மொதல்லயே சொல்லிர்றனுங்க, நான் ஏரோநாட்டிகல் படிச்ச ஆளு கெடையாது. கோயமுத்தூர் கணபதில இருபத்திரண்டு வருசமா லேத்தும் மில்லிங்கும் வெச்சு பம்புக்கும் மில்லு மெசினுக்கும் ஜாப் ஒர்க் பண்றவன். நாலு வருசத்துக்கு முந்தி சொந்தக்காரப் பையன் ஒருத்தன், எனக்கு மாப்ள மொறை, ரெண்டு சீட்டு குட்டி விமானம் கட்டறேன்னு ஆரம்பிச்சு பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் இன்ஜின் ஒண்ணத் தூக்கிட்டு வந்து என்ற ஒர்க்ஷாப்புல எறக்கி, "மாமா, இதுல பத்து கிலோ கொறச்சுக் குடுங்க"ன்னான். ரெண்டு பேரும் அப்ப இருந்து கத்துக்கிட்டதத்தான் இங்க எழுதறேன். இது எல்லாமே பல்லடம் பக்கம் அவங்க தோட்டத்து சாளைல ஸ்டாண்டுல கட்டி ஓட்டிப் பாத்தது, பறக்கறதுக்கு டிஜிசிஏ (மத்திய அரசோட விமானத்துறை ஆபீஸ்) அனுமதி வேணும், அது தனிக் கதை, அத வாங்காம யாரும் மேல ஏறிறாதீங்க.

ஏன் பீட்டில் இன்ஜின்னு கேப்பீங்க. காத்துல குளிர்ற இன்ஜின், ரேடியேட்டர் தண்ணி ஒண்ணும் வேண்டாம், கியர்பாக்ஸ் இல்லாம நேரா ப்ரொப்பல்லர மாட்டலாம், எல்லாம் சேந்து 75-80 கிலோக்குள்ள வந்துரும். வெளிநாட்டுல ரொம்ப வருசமா 1835, 1915 சிசின்னு போர் பெருசு பண்ணி ஓட்டிட்டு இருக்காங்க.

சரி, எடை. நம்மாளுங்க பண்ற மொத தப்பு, ட்ரில் பிட்ட எடுத்துட்டு ஓட்டை போட ஆரம்பிக்கறது. நானும் அதத்தான் பண்ணேன், அந்த அவமானத்தப் பொறகு சொல்றேன். மொதல்ல செய்ய வேண்டியது தராசு. இன்ஜின ஒட்டுக்காப் பிரிச்சு, ஒவ்வொரு பாகமும், போல்ட்டு நட்டு வாசர் மொதக்கொண்டு, எலெக்ட்ரானிக் தராசுல போட்டு கிராம்ல நோட்டுல எழுதுங்க. சலிப்பாத்தான் இருக்கும், ரெண்டு நாள் ஆகும். ஆனா அந்த நோட்டப் பாத்தாத்தான் எடை எங்க ஒளிஞ்சிருக்குன்னு தெரியும். எங்களுக்கு பேட்டரி, ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், எக்ஸாஸ்ட், பழைய காருக்குன்னு இருந்த ஃபேன் கவர் தகரம் இதுலயே பெரும்பங்கு இருந்துச்சு, நான் மூணு ராத்திரி உக்காந்து ராவி எடுக்கலாம்னு நெனச்ச கனெக்டிங் ராடுல (பிஸ்டனையும் க்ராங்க் தண்டையும் இணைக்கறது) நாலும் சேத்து நூத்தம்பது கிராம்கூட தேறாது.

நோட்டு ரெடியானதும் பாகங்கள மூணு குமியாப் பிரிங்க. சும்மா ஒக்காந்திருக்கறது ஒரு குமி, அதாவது கவர், தகரம், பிராக்கெட் மாதிரி. சூடும் அழுத்தமும் தாங்கறது ரெண்டாவது, சிலிண்டர் ஹெட், எக்ஸாஸ்ட், ஆயில் லைன். மூணாவது சுத்தறதும் இழுபடறதும், க்ராங்க் (பிஸ்டனோட மேல-கீழ ஓட்டத்த சுத்தா மாத்தற தண்டு), ராடு, ப்ரொப்பல்லர் ஹப், ஹப் போல்ட்டு, இன்ஜின் மவுண்ட்டு. மொத குமில தாராளமா வெளையாடலாம். ரெண்டாவதுல யோசிச்சு. மூணாவதுல, ஏனுங்க, கைய கட்டிக்கிட்டு நில்லுங்க.

ஏன்னு கொஞ்சம் விலாவாரியாச் சொல்றேன், இதுதான் இதுல உசுரான எடம். நம்ம கார் இன்ஜின் ரோட்டுல போறப்ப அதோட முழு சக்தில கால்வாசிகூட வேலை செய்யாது, அவினாசி ரோட்டு டிராபிக்ல அதுவுங்கூட இல்ல. விமானத்துல அப்படி இல்லீங்க, முக்கால்வாசி சக்தி மணிக்கணக்கா ஓடோணும். 3000 ஆர்பிஎம்னு வெச்சாலே ஒரு மணி நேரத்துக்கு 1,80,000 சுத்து, 56 மணி நேரம் ஓடுனா 1 கோடி சுத்து தாண்டிரும். இந்த 1 கோடிங்கற நம்பர மனசுல வெச்சுக்கங்க. இரும்புக்கு ஒரு நல்ல கொணம் உண்டு, ஒரு அளவுக்குக் கீழ அழுத்தம் இருந்தா எத்தன கோடி தடவ ஆட்டுனாலும் ஒடையாது, அந்த எல்லைய பொதுவா 10 லட்சத்துல இருந்து 1 கோடி தடவைக்குள்ள பாத்துரலாம். அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லையே கெடையாது, எவ்வளவு சின்ன ஆட்டமா இருந்தாலும் என்னைக்கோ ஒரு நாள் விரிசல் விடும், எப்பங்கறதுதான் கேள்வி. அதனால அலுமினியத்துல "தாங்குது பாரு"ன்னு ஒரு தடவ ஏறி நின்னு காட்டறதெல்லாம் எதையும் நிரூபிக்காது.

இப்ப என்ற அவமானம். ஆல்டர்னேட்டர் பிராக்கெட் 6 மில்லி அலுமினியத் தகடுல பண்ணேன், 6061 டி6 (ஹீட் ட்ரீட்மெண்ட்ல பலமாக்குன அலுமினியக் கலவை), நல்ல சரக்கு. பாக்க அழகா இருக்கட்டும்னு ரேஸ் கார்ல எல்லாம் இருக்குமே அந்த மாதிரி அஞ்சு ஓட்டை போட்டேன், 60 கிராம் கொறஞ்சுது, மாப்ளகிட்ட பெருமையா காட்டுனேன். ஸ்டாண்டுல 11-வது மணி நேரத்துல ஓட்டைக்கும் ஓரத்துக்கும் நடுவுல மயிரிழை மாதிரி விரிசல். பிராக்கெட் போச்சுன்னா பெல்ட் மட்டுந்தான் போகும்னு நெனைக்காதீங்க, பெல்ட்டு பறந்து ப்ரொப்பல்லர்ல மாட்டலாம், ஆல்டர்னேட்டர் தொங்கி ஆயில் லைன அறுக்கலாம். ஓட்டை தப்பில்ல, போட்ட எடந்தான் தப்பு. அகலமான தகடுல ஒரு வட்ட ஓட்டை போட்டா அந்த ஓட்டையோட ஓரத்துல அழுத்தம் 3 மடங்கு ஆயிரும், இது எந்த ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புத்தகத்துலயும் இருக்கு. நான் போட்டது வளையற ஓரத்துக்குப் பக்கத்துல, பத்தாக்கொறைக்கு பிட்டு கிழிச்ச பிசிற எடுக்காம வுட்டுட்டேன். அதே தகட்டுல நடுக்கோட்டுல போட்டிருந்தா, பிசிற தேச்சு ஓரத்த உருட்டியிருந்தா, இன்னும் ஓடிட்டு இருக்கும். அந்த ஒடஞ்ச பிராக்கெட்ட லேத்துக்கு மேல ஆணில மாட்டி வெச்சிருக்கேன், ஒறம்பரை யாராச்சும் வந்து கேட்டா கதை சொல்றதுக்கு.

ஆக, எடைய எடுக்க வேண்டிய எடம் எதுன்னா, வளையற பாகத்துல நடுப்பகுதி, முறுக்கற பாகத்துல உள்மையம். அங்க சரக்கு சும்மாதான் ஒக்காந்திருக்கும். 30 மில்லி பின்னு ஒண்ணு இருக்குன்னு வைங்க, நடுவுல 15 மில்லி போர் அடிச்சா எடை 25 சதம் போயிரும், முறுக்கு தாங்கற பலம் வெறும் 6 சதந்தான் கொறையும். ஆசைப்பட்டு 21 மில்லி போர் அடிச்சீங்கன்னா எடை பாதி போகும், ஆனா பலம் கால்வாசி போச்சு. பாதி அளவுல நிறுத்திக்கறவன் பொழச்சுக்குவான். அதே நேரம் தகட்டப் பாதியா மெலிசாக்குனா என்னாகும்? வளையற பலம் நாலுல ஒண்ணு, விறைப்பு எட்டுல ஒண்ணு. அதனால மெலிசாக்கறத வுட்டுட்டு ஓரத்துல மடிப்பு குடுங்க, ரிப்பு குடுங்க.

மெட்டீரியல் மாத்தறதுல ஒரு பெரிய மயக்கம் உண்டு. "இஎன் 8 எதுக்கு, இஎன் 24 போட்டு மெலிசாப் பண்ணிரலாம்"னு நம்ம தொழில்பேட்டை டீக்கடைல எவனாச்சும் சொல்லுவான். இஎன் 8 சாதா கார்பன் எஃகு, இஎன் 24 பலமான கலவை எஃகு. இஎன் 24 டி கண்டிஷன்ல (ஹீட் ட்ரீட்மெண்ட் பண்ணது) 850-ல இருந்து 1000 மெகாபாஸ்கல் வரைக்கும் தாங்கும், உண்மைதான். ஆனா விறைப்பு ரெண்டுக்கும் ஒண்ணேதான், எல்லா எஃகும் சுமார் 205 கிகாபாஸ்கல். மெலிசாப் பண்ணா ஒடையாது, ஆனா ஆடும், ஆடுனா பக்கத்துல இருக்கற போல்ட்டு தளரும், அப்பறம் அது ஒடையும். அலுமினியம் எஃகுல மூணுல ஒரு பங்கு எடை, விறைப்பும் மூணுல ஒரு பங்குதான், டைட்டானியத்தையும் இப்படிப் பிரிச்சுப் பாத்தா கிட்டத்தட்ட அதே கணக்குதான் வரும். அப்ப அலுமினியத்துல லாபமே இல்லியான்னா, தகடு வளையற எடத்துல இருக்குங்க. 5 மில்லி எஃகுத் தகட்டோட விறைப்பு வேணும்னா அலுமினியத்துல 7.2 மில்லி போடுங்க, எடை பாதியாயிரும். எடம் கெடச்சாப் பண்ணுங்க, எடம் இல்லாத மூலைல எஃகையே வுட்டுருங்க.

அலுமினியத்துக்கு சூடு ஆகாது. 6061 டி6 ரூம் சூட்டுல 276 மெகாபாஸ்கல் வரைக்கும் நீளாமத் தாங்கும், 200 டிகிரி தாண்டுனா அதுல பாதிகூட இருக்காது. எக்ஸாஸ்ட் பக்கத்துல அலுமினிய பிராக்கெட் வைக்கறவங்க இத நெனச்சுக்கங்க. வெல்டு போட்டா வெல்டு ஓரத்துல டி6-ங்கறதே போயிரும், பலம் பாதிக்குப் பக்கம் எறங்கிரும், மறுபடி ஹீட் ட்ரீட்மெண்ட் பண்ணாத வரைக்கும் அத மிருதுவான அலுமினியமாத்தான் கணக்குல எடுக்கோணும். 7075 இன்னும் பலமான சரக்கு, ஆனா சூட்டுக்கு இன்னும் மோசம், இன்ஜின் பக்கத்துல வேண்டவே வேண்டாம்.

வார்ப்பு பத்தியும் சொல்லோணும், ஏன்னா நம்மூர்ல பவுண்டரி இருக்கு, பேட்டர்ன் போட்டா நாலு நாள்ல கைல குடுத்துருவாங்கன்னு எல்லாருக்கும் ஆசை வரும். 1937-லயே ஜி.டி. நாயுடு மோட்டார் செஞ்ச ஊரு, நம்மால எது முடியாதுங்கற தெம்பு இங்க எல்லார்கிட்டயும் உண்டு, எங்கிட்டயும் உண்டு. ஆனா பம்பு கேசிங்ல ஒரு ப்ளோ ஹோல் இருந்தா தண்ணி ஒழுகும், எம்சீல் போட்டுக்கலாம். ஹப்புக்குள்ள இருந்தா? சின்ன விமானங்களுக்கான அமெரிக்காவோட பழைய எஃப்ஏஆர் 23 விதில வார்ப்ப வெறும் கண்ணால மட்டும் பாத்து செக் பண்றதா இருந்தா 2 மடங்கு கேஸ்டிங் ஃபேக்டர் (வார்ப்புல இருக்கற சந்தேகத்துக்கு எச்சா வெக்கற பலம்) சேத்துக்கோங்கன்னு இருந்துச்சு. 2 மடங்கு எச்சு பலம் வேணும்னா எடை லாபம் எங்க போச்சு? கவருக்கு, இன்டேக் எல்போவுக்கு வார்ப்பு சரி, சுமை தாங்கற எதையும் பில்லட்டுல (முழு உலோகக் கட்டி) இருந்து கடஞ்சு எடுங்க.

க்ராங்க் கதைக்கு வாறேன். 1903-ல ரைட் சகோதரர்களுக்கு இன்ஜின் செஞ்சு குடுத்த சார்லி டெய்லர் நம்மாளு மாதிரிதான், சைக்கிள் கடை மெக்கானிக். ஒன்னேமுக்கா இன்ச்சுக்கு சித்தெ கம்மியான எஃகுப் பலகைல க்ராங்க் படத்த வரைஞ்சு, சுத்தி வரிசையா ட்ரில் போட்டு, உளியும் சுத்தியலும் வெச்சு வேண்டாத சரக்க உடைச்சுத் தட்டிட்டு லேத்துல கடஞ்சாரு, கடைசில 19 பவுண்டு, நம்ம கணக்குல எட்டரை கிலோ சொச்சம். எடைய எங்க கொறைச்சாங்கன்னு பாருங்க, செம்பு கலந்த அலுமினியத்துல க்ராங்க் கேஸ (க்ராங்க் உள்ள ஒக்கார்ற பெட்டி) வாத்தாங்க. க்ராங்க எஃகாவே வுட்டாங்க. அப்படியும் அந்த வருசம் பிப்ரவரில டெஸ்ட் ஓடறப்ப பேரிங் புடிச்சு மொத கேஸ் ஒடைஞ்சு, மறுபடி வாத்துத்தான் பறந்தாங்க.

பீட்டில் க்ராங்குல என்ன வில்லங்கம்னா, ப்ரொப்பல்லர மாட்டறவங்க பொதுவா புல்லி பக்கம் மாட்டறாங்க, அந்தப் பக்கத்து நாலாவது மெயின் பேரிங் 40 மில்லிதான், மத்த மூணும் 55. கார்ல அந்த முனைக்கு ஃபேன் பெல்ட்ட இழுக்கறதத் தவர வேலை இல்ல. விமானத்துல மூக்க மேல தூக்குனாலே சுத்திட்டிருக்கற ப்ரொப்பல்லர் பம்பரம் மாதிரி எதிர்த்து அந்த முனைய பக்கவாட்டுல வளைக்கும். அதனாலதான் அந்த எடத்துல பெரிய பேரிங்கோட வர்ற ஹப்பு செட்டெல்லாம் விக்கறாங்க, கார்வேர்ங்கற இன்னொரு கார் இன்ஜின விமானத்துல போடறவங்களும் க்ராங்க் ஒடஞ்சு பாத்துட்டுத்தான் அஞ்சாவது பேரிங் சேத்தாங்க, நைட்ரைடிங் (மேல்தோல கெட்டியாக்கற ஹீட் ட்ரீட்மெண்ட்) பண்ணாங்க. ரெண்டுமே பலத்துக்காகப் பண்றது, எடைய கொறைக்கற வேலை இல்லீங்க. நீங்க இந்த எடத்துல எடை கொறைக்கோணும்னு நெனச்சா மர ப்ரொப்பல்லர் போடுங்க, அலுமினியத்த விட நல்லாவே எடை கம்மி, சுத்தறப்ப க்ராங்குக்குப் போற வளைவும் கம்மி, அதிர்வையும் கொஞ்சம் முழுங்கிக்கும்.

ஜர்னல், அதாவது க்ராங்குல பேரிங் ஒக்கார்ற உருளை, அதோட மூலைல இருக்கற வளைவு, அதான் ஃபில்லட் ரேடியஸ், அதுல கண்ண வைங்க. லாரி க்ராங்க் கிரைண்டிங் பண்ற கடை ஒண்ணுல குடுத்தோம், அளவு மைக்ரான் சுத்தமா வந்துச்சு, ஆனா கிரைண்டிங் வீல சரியா டிரஸ் பண்ணாம மூலைய கத்தி மாதிரி சதுரமா வுட்டுட்டாங்க. லாரிக்கு அது ஓடும்னாங்க, நான் ஓடாதுன்னு சொல்லல, ஆனா வெரல வெச்சுத் தடவுனா நகம் தட்டுச்சு, அந்த க்ராங்க ஓரமா வெச்சுட்டு வேற வாங்குனோம். மனசு பொக்குனு போச்சு, என்ன பண்றது. ராட பாலிஷ் பண்றதா இருந்தா நீளவாக்குல மட்டும் தேய்ங்க, குறுக்கு கோடு ஒண்ணுகூட இருக்கக்கூடாது, அப்பறம் ஷாட் பீனிங் (சின்னக் குண்டுகள வேகமா அடிச்சு மேல்தோல இறுக்கறது) குடுங்க. அது எடைக்காகப் பண்றது இல்ல, ஆயுசுக்கு.

போல்ட்டுல எடை கொறைக்கறேன்னு ஒரு சைஸ் சின்னதாப் போடறது, நீளமான நூல (திருகு மரைய) வெட்டி எடுக்கறது, இதெல்லாம் வேண்டாம். டைல வெட்டுன நூலுக்கு ரோல் பண்ண நூலு எவ்வளவோ மேல். 12.9 கிரேடு (ரொம்பப் பலமான) போல்ட்ட மினுமினுன்னு இருக்கட்டும்னு பிளேட்டிங் கடைல குடுக்காதீங்க, ஆசிட்ல எறக்கறப்ப ஹைட்ரஜன் உள்ள போய் எஃகு கண்ணாடி மாதிரி பட்டுனு ஒடையற மாதிரி ஆயிரும், 190 டிகிரி பக்கம் பல மணி நேரம் அடுப்புல வெச்சாத்தான் அது வெளிய வரும், அதக் கடைக்காரர் செஞ்சாரான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? போல்ட்டு ஒடையறதுக்கு முக்காவாசி காரணம் பலம் பத்தாததில்ல, சரியா முறுக்காதது. தளர்ந்த போல்ட்டுக்கு ஒவ்வொரு சுத்துலயும் ஒரு அடி விழும். மர ப்ரொப்பல்லர்னா மரம் வேற ஆடி ஈரத்துல ஊதும், பங்குனி வெயில்ல சுருங்கும், அதனால டார்க் ரென்ச்ச அப்பப்ப வெச்சுப் பாக்கோணும். பீட்டில் கேஸ் மெக்னீசியம் கலவை, ஸ்டட்டு நூலோட பிடுங்கிட்டு வரும், கேஸ் சேவர்னு எஃகு இன்சர்ட்டு போட்டுருங்க. சில கிராம் ஏறும், ஏறட்டும்.

இன்ஜின் மவுண்ட்டுக்கு 4130 (க்ரோம் மாலிப்டினம் கலந்த எஃகு) குழாய். இதுல நல்ல லாபம் ஒண்ணு இருக்கு, குழாயோட வட்டத்த பெருசாக்கி சுவர மெலிசாக்குனா அதே எடைக்கு விறைப்பு எகிறும். ஆனா ரொம்ப மெலிசானா அமுங்கி நெளிஞ்சுரும், வெல்டு போடறப்பவே ஓட்டை விழும், டிசைன்ல சொன்ன அளவுக்குக் கீழ போகாதீங்க. எங்க மவுண்ட்ட டெஸ்ட் பண்ணது எப்படின்னா, இன்ஜின் 80 கிலோ, 3.8 ஜி (எடையப் போல 3.8 மடங்கு சுமை) வரைக்கும் வளைஞ்சே நிக்கக்கூடாது, அது 304 கிலோ. அதுல ஒன்றரை மடங்கு, 456 கிலோ, 3 செகண்டாச்சும் ஒடையாம நிக்கோணும். அதுக்கு ரெண்டாவதா ஒரு மவுண்ட்டு செஞ்சு சாளைச் செவுத்துல போல்ட்டு போட்டு மாட்டி, 9 சிமெண்ட் மூட்டையும் மேல ஒரு பத்துப் பன்னண்டு தேங்காயும் வெச்சோம், மாப்ளயோட அப்புச்சி கட்டில்ல ஒக்காந்து "இதென்ன நோம்பிக்கா"ன்னு கேட்டுட்டு இருந்தாரு. நின்னுச்சு. டெஸ்ட் பண்ண மவுண்ட்ட விமானத்துல போடக்கூடாது, உள்ளுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும், அதான் ரெண்டாவது செஞ்சது.

ஃபயர்வால, அதாவது இன்ஜின் தீ ஆளுங்க பக்கம் வராமத் தடுக்கற தகட்ட, தொடாதீங்க. அலுமினியம் 660 டிகிரில உருகிரும், பெட்ரோல் தீ 1000-த்தத் தாண்டும். 0.4 மில்லி ஸ்டெயின்லெஸ் தகடுதான் கம்மியான அளவு, அதுல ஒரு கிராம்கூட மிச்சம் பண்ண வேண்டாம்.

அப்ப மிச்சம் எங்கதான்? பேட்டரில. ஈயப் பேட்டரிய எடுத்துட்டு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் போட்டோம், ஒரே அடில நாலு கிலோவுக்கு மேல போச்சு, சார்ஜிங் வோல்டேஜ அதுக்கேத்த மாதிரி வெக்கோணும், பாதுகாப்பு சர்க்யூட் உள்ளயே இருக்கற மாடலா வாங்குங்க. கார் ஃபேன் கவர் தகரம் போச்சு, ப்ரொப்பல்லர் காத்தே போதும், கண்ணாடி இழைல ஒரு பேஃபிள் (காத்த சிலிண்டர் பக்கம் திருப்பற தடுப்பு) செஞ்சோம். ஃப்ளைவீல் வேண்டாம், ப்ரொப்பல்லரே ஃப்ளைவீல். எக்ஸாஸ்ட்ட 0.9 மில்லி ஸ்டெயின்லெஸ்ல செஞ்சோம், நடுவுல ஸ்லிப் ஜாயிண்ட் ஸ்பிரிங்கோட, இல்லைனா சூட்டுல நீளறப்ப வெல்டு கிழியும். ஒண்ணு கவனிச்சீங்களா, இதெல்லாம் பாகத்த எடுத்தது, மாத்துனது. எதையும் மெலிசாக்கல. மொத்தம் 8 கிலோ.

செக் பண்றதுக்கு எஃகுக்கு மேக்னட்டிக் டெஸ்ட்டு, அது நம்மூர்ல ஜாப் ஒர்க்காவே பண்றாங்க. அலுமினியத்துக்கு டை பெனட்ரண்ட், மூணு டப்பா செட்டு, துடைக்கறது, செவப்பு, வெள்ளை. செவப்ப அடிச்சு பத்துப் பதினஞ்சு நிமிசம் வுட்டு, சுத்தமாத் துடைச்சு, வெள்ளைய அடிச்சா விரிசல் இருக்கற எடத்துல செவப்புக் கோடு கசியும். மொத ஒரு மணி நேரம் ஓட்டி பிரிச்சுப் பாருங்க, அப்பறம் 5, 10, 25. ஓட்டறப்ப ப்ரொப்பல்லருக்கு நேர் பக்கவாட்டுல யாரும் நிக்கக்கூடாது, ஆடு மாடையும் அக்கட்டால கட்டிருங்க.

கடைசியா ஒண்ணு. மூக்குல எடை கொறைஞ்சா விமானத்தோட சமநிலை பின்னாடி போகும். எங்க கணக்கு, இன்ஜின் சமநிலைப் புள்ளிக்கு 1.2 மீட்டர் முன்னாடி, விமானம் 400 கிலோ, 8 கிலோ போனதுல புள்ளி 24 மில்லி பின்னாடி நகந்துச்சு. பின்னாடி போறது ஆபத்தான பக்கம், மூக்கு தூக்கிட்டு நின்னா மீக்க முடியாது. டிசைன்காரர் குடுத்த எல்லைக்குள்ள இருந்துச்சு, ஆனா பின்சீட்டுல ஆள வெச்சா ஓரத்துல நிக்குது. அதனால புதுப் பேட்டரிய ஃபயர்வாலுக்கு முன்னாடி கொண்டு போனோம், அதுவும் பத்தாம மவுண்ட்ட 30 மில்லி நீட்டி மறுபடி செய்யறோம், அதுக்கு மறுபடி ஒரு டெஸ்ட் மவுண்ட்டு, மறுபடி 9 மூட்டை. மாப்ள சிமெண்டுக்கு ஆள் அனுப்பியிருக்கான், தேங்காய் தோப்புலயே இருக்கு.